வரலாற்று மாணவர்களுக்கு வேலைப் பயிற்சி: ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் நடந்தது

பின்னணி

வட தமிழகத்தின் ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள அரசுக் கலை அறிவியல் கல்லூரியில், 2024 கோடை விடுமுறையில் இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மேற்கொண்ட பயிற்சியைப் பற்றிய பதிவு இது. நான் அத்துறையின் ஆசிரியர். அந்த ஆண்டு பயிற்சிப் பொறுப்பு என்னிடம் இருந்தது. மாணவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள், ஊர் ஆகியவற்றின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். வழக்கு ஆவணங்களைப் பற்றிப் பேசும் இடங்களில் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கல்லூரியில் இரண்டு ஷிப்டு. வரலாற்றுத் துறை காலை ஷிப்டு; மதியத்தோடு வகுப்பு முடிந்துவிடும். மாணவர்களில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பெற்றோர் கட்டட வேலை, விவசாயக் கூலி, நூறு நாள் வேலை என்று இருப்பவர்கள். வரலாற்றை விரும்பி எடுத்தவர்கள் சிலர். வணிகவியலும் கணினி அறிவியலும் கலந்தாய்வில் நிரம்பிவிட்டதால் இங்கே வந்தவர்கள் பலர். இப்படி வந்தவர்களில் நல்ல வரலாற்று மாணவர்கள் உருவாவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படித்து முடித்தபின் என்ன செய்வாய் என்று கேட்டால் வகுப்பில் ஒரே பதில்தான் வரும்: குரூப் 4. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமான தேர்வு என்பதால் பலர் முதலாம் ஆண்டிலிருந்தே அதற்குப் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். 2024 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இடங்கள் பின்னர் கூட்டப்பட்டன. ஆனாலும் விகிதம் பெரிதாக மாறிவிடவில்லை. அரசு வேலைக்கு முயல்வதில் குறை ஒன்றும் இல்லை. அந்த ஒரு கதவு திறக்காவிட்டால் அடுத்த கதவு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருபத்தைந்து, இருபத்தாறு வயது வரை பயிற்சி மையங்களில் காத்திருக்கும் பழைய மாணவர்களைப் பஸ் நிலையத்தில் சந்திக்கும்போதெல்லாம் மனம் கனத்துப் போகும்.

பாடத்திட்டப்படி இரண்டாம் ஆண்டுக் கோடையில் ஒரு பயிற்சி உண்டு. ஐந்தாம் பருவத்தில் அதற்கு 2 கிரெடிட். கிரெடிட் ஒன்றுக்கு 30 மணி என்று கணக்கிட்டால் 60 மணி நேர வேலை.

கோப்பில் இருந்தவை

பொறுப்பு கைக்கு வந்ததும் முந்தைய ஆண்டின் பயிற்சி அறிக்கைகளை எடுத்துப் படித்தேன். எல்லாம் ஸ்பைரல் பைண்டிங் செய்யப்பட்டு, முன்பக்கத்தில் கல்லூரி முத்திரையுடன் அழகாக இருந்தன. செல்போன் கடை, பிரவுசிங் சென்டர், டியூஷன் சென்டர், டிராவல்ஸ் எனப் பல இடங்களிலிருந்து சான்றிதழ்கள். ஆனால் வாசகம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: "எங்கள் நிறுவனத்தில் நன்னடத்தையுடன் பயிற்சி பெற்றார்." கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக் கணினியில் அதற்கான படிவம் தயாராக இருந்தது; பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். சான்றிதழ் செல்போன் கடையுடையது. உள்ளே இருபது பக்கமும் இணையத்தில் எடுத்த கீழடிச் செய்திகள். இப்படியும் ஒரு அறிக்கை இருந்தது.

எந்த அறிக்கையிலும், ஏதேனும் ஒரு நாளில் மாணவர் என்ன வேலை செய்தார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

இதற்கு மாணவர்களைக் கடிந்துகொள்வது நியாயமாகாது. துறை கேட்டது சான்றிதழ். அவர்கள் கொண்டுவந்து கொடுத்தது சான்றிதழ்.

மாணவர்களிடமும் ஊரிலும் கேட்டது

மார்ச் மாதத்தில் மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பேசினேன். முதலில் தெரிந்த செய்தி, ஆண்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வேலை பார்க்கிறார்கள் என்பது. மதியம் வகுப்பு முடிந்ததும் துணிக்கடை, மருந்துக்கடை, கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் வேலை. விடுமுறை விட்டால் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விடுவார்கள். அந்த இரண்டு மாதச் சம்பளத்தில்தான் அடுத்த ஆண்டுச் செலவு ஓடும். சம்பளம் இல்லாத பயிற்சிக்குக் கோடை முழுவதையும் கொடுங்கள் என்று அவர்களிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஒரு மாணவன் இரண்டு ஆண்டுகளாக ஹார்டுவேர் கடையில் மாலை வேலை பார்க்கிறான். கடன் நோட்டு, சரக்கு இருப்பு எல்லாம் அவன் பொறுப்பு. அவனுடைய பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தேன். 'அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தான். கேட்டதற்கு, "அது கடை வேலைதானே சார்" என்றான்.

பெண்களின் நிலை வேறு. நகரப் பஸ்ஸில் கட்டணம் இல்லாததால் வந்துபோகும் செலவு குறைவு. ஆனால் முகம் தெரியாத ஓர் அலுவலகத்துக்கு மகளைத் தனியாக அனுப்ப வீட்டில் சம்மதிப்பதில்லை. மாலை ஆறு மணிக்குமேல் ஊருக்குள் பஸ் இல்லாதவர்களும் உண்டு.

இன்னொன்று, எனக்கே புதிய செய்தி. கணினியில் தமிழில் ஒரு விண்ணப்பம் அடித்துத் தர முடியுமா என்று கேட்டபோது நான்கைந்து கைகள்தான் எழுந்தன. செல்போனில் எல்லோரும் தமிழில் எழுதுகிறார்கள். விசைப்பலகையின் முன்னால் உட்கார்ந்தவர்கள் மிகக் குறைவு.

பிறகு ஊரில் தெரிந்தவர்கள், பழைய மாணவர்கள் வழியாகச் சில அலுவலகங்களுக்குப் போனேன். பயிற்சிக்கு மாணவர்களை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டால், "வரலாறு படிக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் என்ன சார் செய்வது? கையெழுத்துதானே வேண்டும், போட்டுத் தருகிறேன்" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள், ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடும். மூன்றாவதோ நான்காவதோ இடத்தில் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "ஆள் இல்லாமல் உங்களிடம் கிடப்பில் கிடக்கும் வேலை ஏதாவது இருக்கிறதா?" அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருந்தது. அலமாரியைத் திறந்தே காட்டினார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இந்தப் பயிற்சியின் அடிப்படை அந்த அலமாரிதான். வேலை முதலில், இடம் அதற்குப் பிறகு என்று முடிவு செய்தோம். ஒருவர் உண்மையிலேயே எதிர்பார்த்துக் காத்திருக்கும் வேலையாக இருந்தால், அது சரியாக நடக்கிறதா என்று அவரே பார்ப்பார். ஆசிரியர் போய்க் கண்காணிக்க வேண்டியதில்லை. தப்பாகச் செய்தால் கோபப்படுவார். அந்தக் கோபமும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

60 மணி நேரத்தை நாளுக்கு நான்கு மணியாகக் காலையில் மட்டும் வைத்தோம். மாலை வேலைக்குப் போகிறவர்களின் வருமானத்தைத் தொடக்கூடாது என்பது ஒரு காரணம்; பெண்கள் வெளிச்சத்தில் வீடு திரும்ப வேண்டும் என்பது இன்னொன்று. மே மாத வெயிலும் இருந்தது. ஜூன் 9-ஆம் தேதி குரூப் 4 தேர்வு என்பதால் அதற்கு முந்தைய வாரத்தோடு எல்லாப் பயிற்சியும் முடிந்துவிட வேண்டும் என்றும் வைத்துக்கொண்டோம். தேர்வோடு மோதும் எந்தத் திட்டமும் இந்த மாணவர்களிடம் எடுபடாது.

வெளியூர் வேலைக்குப் போகிறவர்களும், ஏற்கெனவே கடைகளில் இருப்பவர்களும் தங்கள் வேலையையே பயிற்சியாகக் காட்டலாம் என்று அனுமதித்தோம். ஒரு நிபந்தனை: அந்த வேலையிடத்தைப் பற்றி, வரலாறோ சமூகவியலோ பொருளாதாரமோ படித்தவர் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பதில் எழுத வேண்டும். துறையில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. பயிற்சியின் தரம் குறைந்துவிடும் என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். இல்லாத பயிற்சிக்குச் சான்றிதழ் வாங்குவதைவிட இருக்கும் வேலையை ஆராய்வது மேல் என்ற பதிலை அவர் கடைசியில் ஏற்றுக்கொண்டார்.

அறிக்கைக்குப் பதிலாக இரண்டு கேட்டோம்: என்ன வேலை, எப்படிச் செய்தேன், எங்கே தடுமாறினேன் என்று இரண்டு பக்கக் குறிப்பு; செய்த வேலையின் ஒரு மாதிரி. கூடவே, ஏப்ரலில் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் தமிழ்99 விசைப்பலகைப் பயிற்சி. உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் இருக்கும் முறை என்பதால் விரைவில் பிடிபட்டுவிடுகிறது. பத்து நாட்களில் பலர் விசைகளைப் பார்க்காமல் அடிக்கத் தொடங்கினார்கள்.

பெண்களை இரண்டிரண்டு பேராகவே அனுப்பினோம். பெற்றோரை அழைத்துப் பேசினோம். வக்கீல் அலுவலகம் என்றதும், "கேஸ், போலீஸ் என்று இருக்குமே, பொம்பளப் பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்று ஒரு தாய் கேட்டார். அவரை அந்த அலுவலகத்துக்கே அழைத்துப்போய், வக்கீலின் மனைவியும் அங்கேயே ஜூனியராக இருப்பதைக் காட்டியபிறகு ஒப்புக்கொண்டார்.

கூட்டுறவுச் சங்கம் ஒன்றிலும் நகராட்சியிலும் பேசிப் பார்த்தோம். ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல். ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை. ஊழியர்கள் பாதிப் பேர் தேர்தல் பணியில் இருந்தார்கள். மேலதிகாரியின் அனுமதிக் கடிதம் வந்து சேருவதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது. அரசு அலுவலகம் எதிலும் அந்த ஆண்டு மாணவர்களைச் சேர்க்க முடியவில்லை.

வக்கீல் அலுவலகத்தில்

உரிமையியல் வழக்குகள் நடத்தும் வக்கீல். அலமாரியில் பல ஆண்டு பழைய பாகப்பிரிவினை வழக்கு ஒன்றின் கட்டு. தாத்தா காலத்துத் தாய்ப் பத்திரம், கிரயப் பத்திரங்கள், பாகப் பத்திரம், தீர்வை (நிலவரி) ரசீதுகள், பட்டா நகல்கள். எல்லாவற்றையும் தேதி வாரியாக வரிசைப்படுத்தி, எந்தச் சொத்து யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒரு பட்டியல் தயாராக வேண்டும். குமாஸ்தா பாதி செய்து வைத்திருந்தார். அவருக்குக் கோர்ட்டுக்கு ஓடவே நேரம் சரியாக இருந்தது; ஜூனியர்களால் பழைய கையெழுத்தைப் படிக்க முடியவில்லை.

இரண்டு மாணவிகள் போனார்கள். ஒருத்தியின் தந்தை கொத்தனார். மற்றவளின் வீட்டில் ஆடு மேய்ப்பு.

முதல் இரண்டு நாட்கள் அவர்களுக்கு எதுவும் ஓடவில்லை. மூன்றாம் நாள் நான் போயிருந்தபோது, பழுப்பேறிய முத்திரைத்தாள் ஒன்றை மேசையில் விரித்து இருவரும் குனிந்திருந்தார்கள். "பவ ௵ ஆனி ௴" என்று தொடங்கியது அது. வருடத்துக்கும் மாதத்துக்கும் நாளுக்கும் உரிய ௵, ௴, ௳ என்ற குறிகளையும், 'மேற்படி' என்பதற்கான ௸ என்ற குறியையும் கல்வெட்டியல் விருப்பப்பாடத்தில் தமிழ் எண்களோடு சேர்த்துப் படித்திருந்தார்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்த குறிகள் அன்றைக்கு ஒரு குடும்பத்தின் நிலத்தைப் பற்றிப் பேசின. கொத்தனார் மகள் அறுபது வருடப் பெயர்களை விரல்விட்டு எண்ணி, "பிரபவ 1927 என்றால் பவ 1934 சார்" என்றாள். குமாஸ்தா தலையை நிமிர்த்திப் பார்த்தார். "இந்தாம்மா, அப்படியானால் இதையும் படி" என்று இன்னொரு கட்டைத் தள்ளினார். அதுவரை அவர்களை 'காலேஜ் பிள்ளைங்க' என்று பொதுவாக அழைத்தவர், அன்றிலிருந்து பெயர் சொல்லி அழைத்தார்.

அடுத்த வாரம் நடந்ததை அவர்களுடைய குறிப்பிலிருந்தும் வக்கீல் சொன்னதிலிருந்தும் எழுதுகிறேன். குமாஸ்தாவின் பட்டியலில் பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) 1362 தீர்வை ரசீது ஒன்று, 1952 நவம்பரில் பதிவான பாகப் பத்திரத்துக்கு முன்னால் இருந்தது. பசலியோடு 590-ஐக் கூட்டினால் 1952 வரும். அதனால் அப்படி வைத்திருந்தார். பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடிவது என்று வருவாய் நிர்வாகப் பாடத்தில் படித்திருந்த மாணவிக்குச் சந்தேகம் வந்தது. பசலி 1362 என்றால் 1952 ஜூலை முதல் 1953 ஜூன் வரை எந்த நாளாகவும் இருக்கலாமே? ரசீதைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஓரத்தில் மங்கிய முத்திரையில் 1953 பிப்ரவரி தேதி இருந்தது. அதாவது பாகம் பிரிந்தபிறகு தீர்வை கட்டியவர் யார் என்பதற்கு அது சான்று. வரிசை மாற்றப்பட்டது.

வழக்கில் அது எவ்வளவு எடை பெறும் என்பது நீதிமன்றம் பார்க்க வேண்டியது. மாணவிகளுக்கு அது வேறொன்றைக் கொடுத்தது: தாங்கள் படித்த படிப்பால் ஒரு வேலை ஆகும் என்று கண்முன்னே கண்டார்கள். 1979-இல் தொடங்கி எண்பதுகள் வரை நடந்த யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவேட்டுப் புதுப்பிப்பில் பெயர்கள் விடுபட்டதும், பழைய சர்வே எண் புதியதாக மாறியதும், ஏக்கரும் செண்டும் ஹெக்டேரும் ஏருமாக ஆனதும் அந்தக் கட்டுக்குள் இருந்தன. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர் என்று வைத்து ஒவ்வொரு அளவையும் சரிபார்த்து, எங்கே சில செண்டுகள் இடிக்கிறது என்று தனிப் பத்தியில் எழுதினார்கள். தற்கால இந்திய வரலாறு வகுப்பில் நில நிர்வாகத்தைப் பற்றி நான் நடத்தியதைவிட அவர்கள் அங்கே கற்றது அதிகம்.

வக்கீல் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். எந்த ஆவணத்தையும் செல்போனில் படம் எடுக்கக்கூடாது, எதுவும் அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. அதனால் வேலையின் மாதிரியைக் கல்லூரியில் கொடுக்கப் பெயர்களையும் எண்களையும் கற்பனையாக மாற்றி ஒரு பட்டியலை அவர்கள் புதிதாகத் தயாரித்தார்கள். பின்னால் அதுவே அவர்களுக்குப் பெரிதும் உதவியது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில்

விவசாயிகளே பங்குதாரர்களாக உள்ள, நிலக்கடலை கொள்முதல் செய்யும் நிறுவனம். பங்குதாரர்களில் பலர் இரண்டு ஆண்டுகளாகச் சரக்கு கொண்டுவருவதில்லை. ஏன் என்று விசாரித்து எழுத ஆள் இல்லை. நான்கு மாணவர்கள் போனார்கள். முதலில் முப்பது கேள்விகளோடு ஒரு படிவம் தயாரித்தார்கள். விவசாயிகள் எல்லாக் கேள்விக்கும் "ஆமாம் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நிறுவன மேலாளர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "இதைப் பத்தாவது கேள்விக்குமேல் நானே படிக்க மாட்டேன்" என்றார். அதன்பின் படிவத்தைப் பையில் வைத்துவிட்டு, களத்துமேட்டில் உட்கார்ந்து, போன முறை கடலையை யாரிடம் போட்டீர்கள் என்ற ஒரே கேள்வியிலிருந்து பேச்சைத் தொடங்கினார்கள்.

மண்டிக்காரர் எடை போட்ட கையோடு பணம் கொடுக்கிறார். நிறுவனத்தில் வங்கிக் கணக்கில் வர ஒரு வாரத்துக்குமேல் ஆகிறது. அதைவிட முக்கியம், விதைப்புக்கு மண்டியில் முன்பணம் வாங்கியவர் வேறிடத்தில் போடவே முடியாது. இது மேலாளருக்குத் தெரியாதது இல்லை. எந்த ஊரில் எத்தனை பேர் முன்பணத்தில் கட்டுண்டிருக்கிறார்கள், எத்தனை பேர் வெறும் தாமதத்துக்காக விலகினார்கள் என்ற ஊர்வாரிக் கணக்குதான் அவரிடம் இல்லை. மாணவர்கள் கொடுத்தது அதை. பயிற்சி நாட்களுக்குப் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் நிறுவனமே கொடுத்தது.

இடையில் நிறுத்திய ஓர் இடம்

தனியார் பயிற்சி மையம் ஒன்று, மாணவர்களின் கல்வி விருப்பங்களைப் பற்றிய கள ஆய்வு என்று சொல்லி ஆறு பேரைக் கேட்டு வாங்கியது. போனபிறகு வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்து, பிளஸ் 2 முடித்தவர்களின் செல்போன் எண்ணைச் சேகரிக்கச் சொன்னார்கள். மே முதல் வார வெயிலில் ஒரு மாணவி மயங்கி விழுந்தபிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அன்றே ஆறு பேரையும் திரும்ப அழைத்துவிட்டோம். மணிக்கணக்கு முடியவில்லையே, சான்றிதழ் கிடைக்காதே என்று அவர்கள் பயந்ததுதான் எனக்கு மிகவும் வலித்தது. சான்றிதழுக்கு அஞ்சி நான்கு நாட்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். மீதி நேரத்தைக் கல்லூரி நூலகத்தில் பழைய நூல்களுக்கு அட்டவணை தயாரிக்கும் வேலையில் முடிக்கவைத்தோம்.

சொந்த வேலையை எழுதியவர்கள்

ஏறத்தாழ இருபது பேர் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதி எழுத்துகள் மேலோட்டமாக இருந்தன. ஹார்டுவேர் கடை மாணவன் எழுதியது மட்டும் துறையில் எல்லோரும் படிக்க வேண்டியது. பெயிண்டர்களும் பிளம்பர்களும் திங்கள் முதல் வெள்ளி வரை கடனுக்குச் சாமான் எடுத்து, சனிக்கிழமை கூலி வாங்கியதும் அடைக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தக் கணக்கு எப்படி நீள்கிறது, யாருக்கு முதலாளி கடனை நிறுத்துகிறார், யாருக்கு நிறுத்துவதில்லை, அதில் ஊரும் உறவும் எவ்வளவு வேலை செய்கின்றன என்று எழுதியிருந்தான். முதலாளி முதலில் கையெழுத்துப் போட மறுத்தார், வருமான வரிக்காரர்களிடம் போய்விடுமோ என்று. கடையின் பெயர் எங்கும் வராது என்று கல்லூரிக் கடிதத்தில் எழுதிக் கொடுத்தபிறகு போட்டார்.

பின்னர் நடந்தவை

ஜூலையில் பயிற்சி கொடுத்தவர்களையும் அழைத்து, மாணவர்களை ஐந்தைந்து நிமிடம் பேசவைத்தோம். வக்கீல் வரவில்லை, கோர்ட்டு நாள். குமாஸ்தா வந்திருந்தார். மேடையில் அந்த மாணவி பசலிக் கணக்கை விளக்கியபோது, தவறு முதலில் அவருடைய பட்டியலில் இருந்தது என்பதைச் சொல்லாமல் தவிர்த்தாள். அவர் எழுந்து தானே அதைச் சொன்னார்.

2025 ஏப்ரலில் இந்த வகுப்பு படிப்பை முடித்தது. பலர் எதிர்பார்த்தபடியே போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களில் இருக்கிறார்கள். கொத்தனார் மகள் வீட்டுக் கடன் கொடுக்கும் தனியார் நிறுவனம் ஒன்றின் கிளையில் ஆவணச் சரிபார்ப்புப் பிரிவில் சேர்ந்தாள். நேர்முகத்தில் அனுபவம் உண்டா என்று கேட்டபோது சான்றிதழைக் கொடுக்காமல், கற்பனைப் பெயர்களோடு தயாரித்த அந்தச் சொத்துப் பட்டியலை மேசையில் வைத்ததாகச் சொன்னாள். சம்பளம் பெரிதில்லை, ஆனால் அவள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள்தான். அவளோடு போன மாணவி மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். கடலை விசாரித்த நால்வரில் ஒருவன் அதே நிறுவனத்தில் கொள்முதல் காலத்தில் பகுதிநேர வேலையில் இருக்கிறான். ஹார்டுவேர் கடை மாணவனின் பயோடேட்டாவில் 'இல்லை' என்ற சொல் போய், இரண்டு ஆண்டுக் கணக்குப் பொறுப்பு என்று வந்திருக்கிறது. அவன் முதுகலைப் பொருளாதாரத்துக்கு இடம் தேடினான். இன்னொரு மாவட்டத்தில் கிடைத்தது.

ஏறத்தாழ வகுப்பில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்தப் பயிற்சியால் கண்ணுக்குத் தெரியும் பயன் எதுவும் இல்லை. அவர்கள் மேலோட்டமான வேலைகளுக்குப் போனவர்கள், அல்லது சொந்த வேலையை ஒப்புக்கு எழுதியவர்கள். ஜெராக்ஸ் கடைச் சான்றிதழ் இந்த முறை ஒன்றுகூட வரவில்லை என்பது உண்மை. ஆனால் அதையே வெற்றி என்று சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த முறைக்கு மாற்றியவை

அரசு அலுவலகங்களுக்கான கடிதங்களை ஜனவரியிலேயே அனுப்பத் தொடங்கினோம். கல்லூரி முதல்வர் வழியாக மாவட்ட அளவிலான அதிகாரிக்குப் போனால்தான் நகர்கிறது. நேரடியாகக் கிளை அலுவலகத்தில் கேட்டால் நகர்வதில்லை. பயிற்சி கொடுப்பவரோடு ஒரு பக்க ஒப்பந்தம்: வேலை என்ன, நாளுக்கு எத்தனை மணி, வெயிலில் அலையவைக்கக் கூடாது, விற்பனைக்கோ ஆள் சேர்ப்புக்கோ அனுப்பக் கூடாது. முதல் வாரத்தின் இறுதியில் ஆசிரியர் மாணவரோடு தனியாகப் பேச வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், கிரெடிட் போகாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மயங்கி விழுந்த மாணவி நான்கு நாட்கள் வாய் திறக்காமல் இருந்ததற்கு, இதை யாரும் அவளிடம் சொல்லாததுதான் காரணம்.

சொந்த வேலையை எழுதுகிறவர்களுக்குத் தனி வழிகாட்டி நியமித்தோம். ஒரு கடையில் என்ன கேள்வி கேட்பது என்பது தானாக வந்துவிடாது. ஹார்டுவேர் கடை மாணவனுக்கு வந்தது என்றால், அவனுக்கு அந்தக் கூர்மை இயல்பிலேயே இருந்தது. மற்றவர்களுக்கு இரண்டு மூன்று முறை உட்கார்ந்து பேசினால் வரும்.

இறுதியாண்டு மாணவர்களுக்குத் தொழிற்பழகுநர் (அப்ரன்டிஸ்) சட்டத்தைப் பற்றி ஒரு வகுப்பும் சேர்த்தோம். 2014 திருத்தத்துக்குப் பிறகு பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் அதில் வழி உண்டு; 2019 விதித் திருத்தத்தில் பட்டதாரிகளுக்கான குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் தொழிற்பழகுநர் அறிவிப்புகளில் பி.ஏ. படித்தவர்களையும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் மாணவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

தீராமல் நிற்பது ஆசிரியர் நேரம். ஏறத்தாழ 60 மாணவர்களுக்கு இடம் தேடுவதும், பெற்றோரிடம் பேசுவதும், வேலையிடத்துக்குப் போய்ப் பார்ப்பதும் கற்பித்தல் நேரக் கணக்கில் வருவதில்லை. அந்தக் கோடையில் மூன்று பேர் இதைச் செய்தோம், அதில் இருவர் கௌரவ விரிவுரையாளர்கள். கோடை மாதத்தில் அவர்களுக்கு ஊதியமே இல்லை. பயிற்சிப் பொறுப்பைப் பணி நேரத்தில் சேர்க்க வேண்டும், விரிவுரையாளர்களின் பயணச் செலவையாவது கல்லூரி ஏற்க வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு முதல்வருக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.